‘டக்’ சத்தத்துக்கு டிஃபரன்ஷியலைக் கழற்றாதீர்கள்: ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளில் யூஜே கிராஸ் பிடித்து மாற்றுவது

முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் பின்னால் ஒரு ‘டக்’. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டக்’. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் காரைத் திருப்ப மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும், அதனால் ஆறு ‘டக்’. எதிர்வீட்டுப் பாட்டி, “உன் வண்டி வந்தா எட்டிப் பாக்கவே வேணாம்பா, காதுலயே தெரியுது” என்று சொல்லுமளவுக்கு வந்த பிறகுதான் ஒரு பட்டறையில் காட்டினேன். டிஃபரன்ஷியலில், அதாவது இஞ்சின் இழுப்பைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில், பல் தேய்ந்துவிட்டது என்றார்கள். இறக்கினார்கள், ஷிம் தகடு போட்டார்கள், ஆயில் சீல் மாற்றினார்கள், மூன்று வாரம் கழித்து வண்டி வீட்டுக்கு வந்தது, ‘டக்’கும் கூடவே வந்தது.

அப்புறம் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வண்டிக்கடியில் படுத்தார். இரண்டு நிமிடம் இருக்கும். “தம்பி, இங்க கட்டைவிரலை வையி, நான் ஷாஃப்ட்டைத் திருப்புறேன்” என்றார். வைத்தேன். விரலுக்கடியில் ஒரு பக்கம் நகர்கிறது, மறுபக்கம் நகரவில்லை. அவ்வளவுதான் நோய். நான்கு நட்டு கழற்றினால் கைக்கு வந்துவிடுகிற ஒரு யூஜே கிராஸுக்காக (கோணத்தில் சேர்கிற இரண்டு ஷாஃப்ட்டுகளை இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவ இரும்பு) டிஃபரன்ஷியலைக் கூறுபோட்டிருக்கிறோம்.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். சத்தத்தைக் கேட்டுச் சாமான் வாங்காதீர்கள், எந்த ஜாயிண்ட் என்று கையால் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நண்பர் ஒருவரிடம் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது, அதையும் நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். மேலே பார்த்தால் ஒன்று குடும்ப வண்டி, இன்னொன்று இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அடியில் படுத்துப் பார்த்தால் ஒரே ஜாதி. 1959-இல் இங்கிலாந்தில் வந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதே ஹெரால்டைச் சென்னையிலேயே செய்தது. எழுபதுகளில் அதே கம்பெனி கொண்டுவந்த கெஸல் காருக்கு அந்தப் பின்பக்க சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு ஒரே துண்டான கெட்டி ஆக்ஸில் வைத்தார்கள். ஆகவே கெஸல் வைத்திருப்பவர்களுக்கு இங்கே கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகிற பிராப்பல்லர் ஷாஃப்ட் பற்றி வருவது மட்டும் பொருந்தும்.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் மொத்தம் நான்கு கிராஸ். பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று. டிஃபரன்ஷியலிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் போகிற அரை ஷாஃப்ட்டுகளில் உள்பக்கம் ஆளுக்கு ஒன்று. இந்த அரை ஷாஃப்ட் கிராஸ்தான் பாவம், அதிகம் அடிபடுவது. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போதெல்லாம் அது மடங்கி நிமிர வேண்டும், இஞ்சின் இழுப்பையும் தாங்க வேண்டும், போதாததற்குச் சக்கரம் உள்ளேயும் வெளியேயும் போகாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போட்ட பள்ளத்தில் வாரம் இரண்டு தடவை ஏறி இறங்குகிற வண்டிக்கு அது என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் விடும்போதும் கியர் மாற்றும்போதும் ‘டக்’

முதலில் இந்த ‘டக்’ எப்போது வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது, அதாவது இழுப்பு முன்னும் பின்னும் மாறும்போது மட்டும் வந்தால் கிராஸ் மேல் சந்தேகப்படலாம். பள்ளத்தில் விழும்போது மட்டும் வந்தால் அது பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் புஷ்ஷோ, ஸ்பிரிங் கண்ணில் இருக்கும் புஷ்ஷோ. பிரேக் பிடிக்கும்போது ஒரு தடவை ‘டொக்’ என்றால் சக்கரம் முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கிற ரேடியஸ் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். கம்பி ஸ்போக் சக்கரம் போட்ட ஸ்பிட்ஃபயர் என்றால் ஹப்பில் இருக்கும் ஸ்பிளைன் பற்கள் தேய்ந்தாலும் அச்சு அசலாக இதே ‘டக்’ வரும். நண்பர் வண்டியில் நாங்கள் கிராஸ் மாற்றிய பிறகும் சத்தம் பாதி மிச்சமிருந்ததற்குக் காரணம் அதுதான்.

சோதனைக்கு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டுக்கும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிக்கடியில் ஆக்ஸில் ஸ்டாண்டு இரண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், செங்கல் அடுக்கி வைத்துப் படுக்கவே படுக்காதீர்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு நியூட்ரலில் வையுங்கள்.

இப்போது அடியில் போய் ஒவ்வொரு ஜாயிண்டாக. ஒரு கையால் ஷாஃப்ட், இன்னொரு கையால் அதற்கு அடுத்த ஃபிளாஞ்ச், அதாவது நட்டு போட்டு இணைக்கிற தட்டு. இரண்டையும் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள், கட்டைவிரல் கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டைகளான இரண்டு யோக்குக்கும் நடுவில், கிராஸ் மேல் இருக்கட்டும். நல்ல கிராஸில் விரலுக்கு எதுவும் தெரியாது. முடி அளவு ஆட்டம் தெரிந்தாலும் அது போய்விட்டது என்றே அர்த்தம், ஓட்டி ஓட்டிச் சரியாகிவிடும் என்பதெல்லாம் கிடையாது. முறுக்கிப் பார்த்தது போதாது, மேலும் கீழுமாகத் தூக்கியும் பாருங்கள். கிராஸுக்கு நான்கு கை, இரண்டு கை நன்றாக இருந்து இரண்டு கை தேய்ந்திருக்கும், ஒரே திசையில் முறுக்கினால் அது அகப்படாது. ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை யோக் இடுக்கில் கொடுத்து லேசாக நெம்பினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

டிஃபரன்ஷியல் பல் ஆட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, நான் மாட்டியது இங்கேதான். பல் ஆட்டம் என்றால் பினியன் ஃபிளாஞ்சும் ஷாஃப்ட்டும் சேர்ந்தே கொஞ்சம் திரும்பும், ஜாயிண்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகப் போகும். அறுபது வருட வண்டியில் கொஞ்சம் பல் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதற்காக யாரும் அழ வேண்டாம். கிராஸ் ஆட்டம் என்றால் ஒரு பக்கம் திரும்பும், மறுபக்கம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் திரும்பும்.

கிராஸில் ஆட்டமே இல்லை, ஆனாலும் ‘டக்’ என்றால் ஃபிளாஞ்ச் நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்று தளர்ந்திருந்தாலே போதும். இந்த வண்டிகளில் எல்லாம் அங்குல நட்டு, யூ.என்.எஃப். மரை. 9/16 ஸ்பேனர் வேண்டிய இடத்தில் 14 ஏறாது, 15 வழுக்கும். 1/2 அங்குலத்துக்குப் பதில் 13 போட்டால் ஏறும், ஆனால் மூலையை மழித்துவிடும். மண்ணடியில் அங்குல ஸ்பேனர் செட் தேடி வாங்கி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மெதுவாகப் போகும்போது ‘கீச்… கீச்…’

இது ‘டக்’கைவிட முன்னால் வருகிற எச்சரிக்கை, கவனித்தால் பிழைத்தோம். கிராஸின் ஒவ்வொரு கை முனையிலும் தொப்பிபோல மாட்டியிருக்கும் கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளில் கிரீஸ் வற்றிப்போய் இரும்பு இரும்போடு உரசுகிறது. காலையில் எடுத்ததும் அதிகம் கேட்கும், வேகம் போனால் காற்றிலும் இஞ்சின் சத்தத்திலும் அமுங்கிவிடும்.

கேட்பதற்கு நல்ல இடம் நீளமான மதில்சுவர். ராயபுரம் பக்கம் துறைமுக மதில் ஓரமாக, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கன்டெய்னர் வரிசை கொஞ்சம் கலைந்திருக்கும் நேரத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினால் சுவரில் பட்டு வருகிற சத்தம் காதுக்குள்ளேயே வந்து சொல்லும். கிளட்சை மிதித்து நியூட்ரல் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு உருட்டுங்கள். அப்போதும் ‘கீச்’ நிற்கவில்லை என்றால் கிளட்ச் பேரிங் மேல் பழி இல்லை, சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று.

அது எது என்பதை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். 13 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீட்டர் போகும். நடக்கிற வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில், வினாடிக்கு ஒரு சுற்றுக்கும் கொஞ்சம் குறைவு. அரை ஷாஃப்ட் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றுவதால் அதன் கிராஸ் நிதானமாகக் கீச்சிடும், ஒவ்வொரு கீச்சையும் எண்ண முடியும். பிராப்பல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் இருக்கிறது, சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது நான்கு சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றிவிடும். ஆகவே அந்தக் கிராஸ் கத்தினால் சிட்டுக்குருவிக் கூட்டம் மாதிரி வேகமாக இருக்கும், எண்ண வராது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே முன்னால் பார்க்க வேண்டுமா பின்னால் பார்க்க வேண்டுமா என்று பாதி வேலை முடிந்துவிடும். சுவர் இடப்பக்கம் இருக்கும்படி ஒரு தடவை, வலப்பக்கம் இருக்கும்படி ஒரு தடவை போனால் எந்தச் சக்கரம் என்றும் ஓரளவு தெரியும்.

கிரீஸ் அடிக்கிற முனையான நிப்பிள் இருக்கிற கிராஸ் என்றால் கிரீஸ் கன் போட்டுப் பாருங்கள். நான்கு சீலிலும் கிரீஸ் லேசாக எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால் அந்தக் கையின் துளை அடைத்திருக்கிறது. சத்தம் நின்றாலும் அந்தக் கிராஸை நம்பாதீர்கள், ஒரு முறை வறண்டு ஓடிய ஊசிகள் கிராஸ் கையில் கோடு கோடாகப் பள்ளம் போட்டிருக்கும். சிவப்பாகத் துருப்பொடி கப்பைச் சுற்றிப் படிந்திருந்தால் கிரீஸ் கன்னையே எடுக்க வேண்டாம், நேராகக் கடைக்குப் போகலாம்.

50, 60-இல் தரை அதிர்கிறது

முதல் கேள்வி: அதிர்வு இஞ்சின் சுற்றைப் பின்தொடர்கிறதா, வண்டி வேகத்தையா? 60-இல் அதிர்கிறது என்றால் 65 வரை போய் நியூட்ரலில் விட்டு 60-ஐக் கடந்து இறங்குங்கள். அப்போதும் அதே இடத்தில் அதிர்ந்தால் இஞ்சின் காரணமில்லை. சக்கர பேலன்ஸா, ஷாஃப்ட்டா என்பதுதான் மிச்சம். சக்கரம் என்றால் அதிர்வு மெதுவான ஆட்டமாக இருக்கும், ஷாஃப்ட் என்றால் நான்கு மடங்கு வேகமான ரீங்காரமாக, சீட்டுக்கடியிலும் கியர் லீவரிலும் தெரியும்.

கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி கோணத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் முன்னும் பின்னும். முன்முனைக் கிராஸ் செய்கிற குளறுபடியைப் பின்முனைக் கிராஸ் நேர்எதிராகச் செய்து சமன்செய்கிறது, அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. அதற்கு இரண்டு நிபந்தனை. இரண்டு முனையிலும் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். சில ஷாஃப்ட்டுகளில் நடுவே ஸ்பிளைன் வைத்து நீள்கிற மாதிரி இருக்கும். அதைப் பிரித்து, துடைத்து, ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டால் தீர்ந்தது, புதுக் கிராஸ் போட்ட வண்டி பழைய கிராஸைவிட மோசமாக அதிரும். ‘கிராஸ் மாற்றினதிலிருந்துதான் சார் அதிருது’ என்கிற புகாரில் நான் பார்த்தவரை முக்கால்வாசி இதுதான்.

கோணம் கெடுவதற்குப் பெரிய காரணம் தேட வேண்டாம், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் எண்ணெய் குடித்து உப்பித் தொங்கியிருக்கும். அதையும் அப்படியே கையோடு பாருங்கள்.

வளைவில் பின்பக்கம் நழுவுகிற மாதிரி, நேரில் போகும்போது அலைகிற மாதிரி

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முன்னே சொன்னேனே, இந்த வண்டிகளில் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பதே அரை ஷாஃப்ட்தான். கிராஸ் தேய்ந்தால் சக்கரமே உள்ளேயும் வெளியேயும் நகரும். ஏற்கெனவே இந்தப் பின்பக்க அமைப்பு வளைவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்கிற குணம் உள்ளது, அதற்குமேல் கிராஸ் ஆட்டமும் சேர்ந்தால் மழை நாளில் ராயபுரம் மேம்பாலத்து வளைவு உங்களுக்குப் பிடிக்காது.

சக்கரத்தைத் தூக்கி மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கைவைத்து இழுத்துத் தள்ளுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் அடியில் பார்க்க வேண்டும். ஹப் பக்கம் ஆடினால் ஹப் பேரிங், ஷாஃப்ட்டோடு சேர்ந்து உள்பக்கம் ஆடினால் கிராஸ். கிராஸ்தான் என்று உறுதியானால் அந்த வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். ஓடும்போது கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் கழன்று சக்கரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

தண்ணீரில் நின்ற வண்டி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர், எண்ணூர்ப் பக்கமோ எண்ணெயும் கலந்து வந்தது. ஹெரால்டுக்கு நான்கு கிராஸும் தண்ணீருக்குள் இரண்டு நாள். தண்ணீர் வடிந்த பிறகு எல்லாரும் இஞ்சின் ஆயிலையும் பிரேக்கையும் பார்த்தார்கள், நானும் அப்படித்தான், கிராஸ் ஞாபகமே வரவில்லை. ஏப்ரலில் கீச், ஜூனில் டக். நிப்பிள் உள்ள கிராஸ் என்றால் தண்ணீர் வடிந்த அந்த வாரமே பழைய கிரீஸ் வெளுத்து வெளியே வருகிற வரை புதுக் கிரீஸ் அடித்துத் தள்ளிவிட வேண்டும். நிப்பிள் இல்லாத மூடிய கிராஸுக்கு வழியில்லை, மாற்ற வேண்டியதுதான். காசிமேட்டு உப்புக்காற்றில் வருஷம் முழுக்க நிற்கிற வண்டிக்கு நான் நிப்பிள் உள்ளதைத்தான் போடுவேன். நிப்பிளுக்குத் துளை போட்டதால் கிராஸ் பலம் குறைகிறது என்று சிலர் மூடியதையே கேட்பார்கள். பந்தயத்தில் ஓட்டுபவருக்கு அது சரி.

வாங்கும்போது

பழைய கிராஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெர்னியரோடு போங்கள். கப்பின் விட்டம் ஒன்று, எதிரெதிர்க் கப்புகளின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரை நீளம் ஒன்று, இரண்டும் வேண்டும். வருடத்துக்கு வருடம் மாறியிருக்கும், இடையில் வண்டி வைத்திருந்தவர் வேறு எதையாவது மாட்டியும் இருக்கலாம், மாடல் பெயர் சொல்லி வாங்குவது லாட்டரி. பழைய இங்கிலாந்து வண்டிகளில் 15/16 அங்குலக் கப்பும் 1 1/16 அங்குலக் கப்பும் பரவலாகக் காணப்படும், அதாவது 23.8 மில்லி, 27 மில்லி. 23.8-க்கு ‘இதே சைஸ்தான் சார்’ என்று 24 கொடுப்பார்கள். 0.2 மில்லிதானே என்று வைஸில் கொடுத்து அழுத்தினால் யோக்கின் காது விரிந்துவிடும் அல்லது பிளந்துவிடும். கிராஸ் சில நூறு ரூபாய்ச் சங்கதி, யோக் போனால் ஷாஃப்ட்டே போச்சு, அதைப் புதுப்பேட்டையில் தேட ஒரு மாதம்.

கழற்றி மாட்டுவது

பிராப்பல்லர் ஷாஃப்ட் சுலபம். முன்முனைக்கு வண்டிக்குள்ளிருந்தே வழி உண்டு, கியர்பாக்ஸ் மேல் மூடியிருக்கும் கவரைக் கழற்றினால் ஃபிளாஞ்ச் தெரியும். கழற்றுமுன் ஃபிளாஞ்ச் இரண்டிலும், ஸ்பிளைன் இருந்தால் அதிலும், பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். சாக்பீஸ் வேண்டாம், எண்ணெய்க் கையில் அழிந்துவிடும்.

அரை ஷாஃப்ட் கொஞ்சம் சுற்றுவேலை. ஹப்பை அதிலிருந்து பிரிக்கத் தனிப் புல்லர் வேண்டும், நமக்கு அது தேவையில்லை, ஷாஃப்ட், டிரம், ஹப்பைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க் எல்லாமாகச் சேர்த்தே இறக்கிவிடலாம். சக்கரத்தை எடுத்ததும் பிரேக் ஹோஸைக் கழற்றி முனையை அடையுங்கள், ஹேண்ட்பிரேக் கேபிளை விடுங்கள். ரேடியஸ் ஆர்மை வெர்ட்டிகல் லிங்க் பக்கம் கழற்றுங்கள், முன்பக்கம் கைவைத்தால் அங்கிருக்கும் ஷிம் கலைந்து சக்கர நேர் கெடும். அடுத்தது கவனம்: ஷாக் அப்சார்பர் போல்ட்டைக் கழற்றுமுன் வெர்ட்டிகல் லிங்குக்கடியில் ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் தூக்கியிருக்க வேண்டும். குறுக்கே போகிற அந்தப் பட்டை ஸ்பிரிங் சக்கரத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதைத் தடுத்து நிற்பது ஷாக் அப்சார்பர் மட்டும்தான். ஜாக்கி இல்லாமல் போல்ட்டை உருவினால் மொத்தமும் தடாலென்று இறங்கும், கை நடுவில் இருந்தால் அவ்வளவுதான். ஷாக்கைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கி, ஸ்பிரிங் கண் போல்ட், டிஃபரன்ஷியல் பக்கம் நான்கு நட்டு, இறங்கிவிடும். டிரம்மோடு சேர்ந்து கனமாக இருக்கும், இரண்டாவது ஆள் வேண்டும்.

இனி கிராஸ். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கப்புகள் வெளியே வராமல் பிடிக்கிற நான்கு சர்க்ளிப்புகளின் பள்ளத்திலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். சர்க்ளிப்பை எடுக்குமுன் கப்பின் தலையில் ஒரு தட்டு தட்டினால் அழுத்தம் விட்டுக்கொடுக்கும், கிளிப் சுலபமாக வரும். அப்புறம் வைஸ். ஒரு பக்கம் கப்பைவிடச் சின்ன சாக்கெட், மறுபக்கம் கப்பு உள்ளே போகுமளவு பெரிய சாக்கெட், நடுவில் யோக். வைஸை இறுக்கினால் சின்ன சாக்கெட் ஒரு கப்பை உள்ளே தள்ள, எதிர்க்கப்பு பெரிய சாக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்ததை வைஸில் கவ்விப் பிடித்து யோக்கைத் திருகினால் உருவி வரும். திருப்பிப் போட்டு மற்றதும் அப்படியே.

வரவில்லை என்றால்? சுத்தியலை எடுக்கத் தோன்றும். நான் எடுத்தேன், அதனால் சொல்கிறேன். யோக் காதைத் தரையில் ஊன்றி அடித்ததில் காது அரை மில்லி உள்ளே வளைந்துவிட்டது, அதற்குப் பிறகு எந்தப் புதுக் கிராஸ் போட்டாலும் இறுகியது, கடைசியில் வியாசர்பாடியில் ஒரு லேத்தில் கொடுத்து நேராக்கினேன். சரியான வழி, கிரைண்டரில் மெல்லிய வட்டு போட்டுப் பழைய கிராஸின் கைகளையே அறுத்துவிடுவது. அது எப்படியும் குப்பைக்குப் போகிறது. நடு உடல் வெளியே வந்தபின் நான்கு கப்பும் தனித்தனி, ஒவ்வொன்றாகத் தள்ளினால் முனகாமல் வரும். வட்டு யோக்கில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

துளைகளையும் சர்க்ளிப் பள்ளத்தையும் கண்ணாடிபோலத் துடையுங்கள், பள்ளத்தில் ஒரு துளி துரு இருந்தாலும் கிளிப் முழுதாக உட்காராது. புதுக் கப்புகளைத் திறந்து ஊசிகள் எல்லாம் நிற்கின்றனவா என்று பார்த்து, லித்தியம் கிரீஸ் விரலால் பூசுங்கள், நிறைக்க வேண்டாம், ஊசிகள் ஒட்டி நிற்குமளவு. ஒரு கப்பை யோக் துளையில் இரண்டு மூன்று மில்லி மட்டும் அழுத்தி நிறுத்திவிட்டு, கிராஸை உள்ளே நுழைத்து அதன் கையை அந்தக் கப்புக்குள் செருகுங்கள். அப்புறம்தான் எதிர்க்கப்பு. இரண்டும் உள்ளே போகும்போது கிராஸ் இரண்டு கப்பையும் விடாமல் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இடைவெளி விட்டால் ஊசி சாயும். ஒவ்வொரு கால் திருகுக்கும் கிராஸை விரலால் ஆட்டிப் பாருங்கள்.

கடைசி இரண்டு மூன்று மில்லி போகமாட்டேன் என்றால் வைஸை இன்னும் இறுக்காதீர்கள். ஒரு ஊசி படுத்துக்கொண்டு கப்பின் அடியில் குறுக்கே கிடக்கிறது, அதன் தடிமன்தான் அந்த மிச்சம். எடுத்து, நிமிர்த்தி, மறுபடி. எரிச்சலாக இருக்கும், எனக்கு ஒரே கப்புக்கு மூன்று தடவை நடந்தது, டீ குடித்துவிட்டு வந்து செய்தபோது சரியாகப் போனது.

நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன் எட்டுகிற பக்கம் பார்த்து வையுங்கள். முழுதும் மாட்டிய பிறகு நிப்பிள் யோக்குக்குள் ஒளிந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் எல்லாருக்கும் ஒரு தடவை வரும்.

மாட்டியாயிற்று, ஆனால் இறுக்கமாக இருக்கிறது

இரண்டு விரலால் மடக்கினால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, இடையில் தடுக்காமல் போக வேண்டும். புதுசுக்குக் கொஞ்சம் இறுக்கம் இருக்கலாம். ஒரு திசையில் மட்டும் பிடித்தால் கப்பு ஒன்று அளவுக்கு மேல் உள்ளே போய்க் கிராஸை நெருக்குகிறது. பித்தளைச் சுத்தியலால் யோக் காதுகளின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று தட்டு, கப்பு பின்வாங்கி கிளிப்பில் உட்காரும், இளகிவிடும். அப்படியும் விடவில்லை என்றால் கிளிப் தடிமன் ஒத்துப்போகவில்லை, அல்லது என்னை மாதிரி காதை வளைத்திருக்கிறீர்கள். இறுக்கமாகவே மாட்டினால் கிராஸ் ஓடி ஓடி இளகாது, சூடேறிக் கிரீஸைக் கக்கிவிட்டுச் சாகும்.

கிளிப் ஒவ்வொன்றையும் முனையில் தட்டிச் சுழற்றிப் பாருங்கள், பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்த கிளிப் சுழலும்.

திரும்ப மாட்டும்போது நைலான் நட்டுகள் எல்லாம் புதுசு, பெயின்ட் கோடுகள் நேருக்கு நேர், பிரேக்கில் காற்று எடுக்க மறக்காதீர்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, முக்கியமாக ஸ்பிரிங் கண்ணையும் ரேடியஸ் ஆர்மையும், வண்டி நான்கு காலில் தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் வண்டியை இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும்.

முதல் ஓட்டத்துக்கு நாங்கள் பழவேற்காடு போவோம், போய் வந்தால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், நல்ல ரோடு, கெட்ட ரோடு எல்லாம் வரும். பொன்னேரியில் நிறுத்திக் கிராஸ் பக்கத்தில் கைவைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே திரும்பி மெதுவாக வீட்டுக்கு. வந்ததும், வண்டி ஆறியபின், பதினாறு ஃபிளாஞ்ச் நட்டுகளையும் மறுபடி ஒரு சுற்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். எனக்கு அதில் ஒன்று கால் சுற்று எடுத்தது.